பரிசாகக் கொடுக்கும் செடிக்கு ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுப்போம்

கலியாண வீடு, ஆசிரியர் தினம், புதுமனை புகுதல் எல்லாவற்றுக்கும் இப்போது நமது ஊர்களில் உள்ளங்கை அளவு சாடியில் ஒரு சக்குலன்ட் செடிதான் பரிசு. ரோசாப்பூ விரிந்தது போல அடுக்கடுக்காய்த் தடித்த இலைகள். நல்ல மாற்றம். பிளாஸ்டிக் பூவை விட உயிருள்ள செடி எவ்வளவோ மேல். ஆனால் ஒரு மாதம் கழித்து விசாரித்தால், "அது அழுகிப் போச்சு சேர்" என்பதுதான் அதிகம் கேட்கும் பதில்.

செடியில் குறை இல்லை. அதன் குணத்தைச் சொல்லிக் கொடுக்காமல் கையில் கொடுப்பதுதான் குறை என்பது நமது கருத்து.

இவற்றில் அதிகம் விற்பனையாகும் எச்செவேரியாவின் பூர்வீகம் பெரும்பாலும் மெக்சிகோவின் மலைப்பாங்கான நிலம். பகலில் நல்ல வெளிச்சம், இரவில் குளிர், வேர் நனைந்தால் சீக்கிரம் காயும் பாறை இடுக்கு. அதனால்தான் நுவரெலியாவில் செழிக்கும் செடி, இரவிலும் புழுங்கும் நமது கிழக்குக் கரையோரத்தில் திணறுகிறது. இந்தச் செடிகள் இரவில்தான் இலைவாயைத் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கின்றன. தண்ணீரை இலையிலேயே சேமித்து வைக்கின்றன. இதற்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது, வயிறு நிறைந்தவருக்கு மீண்டும் சோறு போடுவது போன்றது.

செய்ய வேண்டியது சொற்பம். அடியில் துளையுள்ள மண்சாடி. பாதிக்குப் பாதி பருமணலோ செங்கல் நொருக்கலோ கலந்த மண். மண் முழுதாய்க் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் இலை நடுவில் தேங்காமல் மண்ணில். காலை வெயில் படும் இடம். வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு அடுக்குக் கலைந்துவிடும். மாரி தொடங்கினால் கூரைக்குக் கீழே எடுத்து விடுங்கள். இலை மேல் உள்ள வெண்பொடியைத் துடைக்க வேண்டாம், அது வெயிலில் இருந்து இலையைக் காக்கும். வெயில் குறைந்த வீட்டுக்கு ஹவோர்த்தியா பொருத்தம். எதுவும் சரிவராவிட்டால் நமது கற்றாழை இருக்கிறதே, அதுவும் இதே அமைப்புத்தான்.

இதை விடப் பெரிய விடயம் சாடியின் கீழே வைக்கும் தட்டு. 2017இல் நமது நாட்டில் ஒரு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குவால் பாதிக்கப்பட்டதாகப் பதிவானது. அந்த நுளம்புக்குத் தட்டில் தேங்கும் கொஞ்சத் தண்ணீர் போதும். அதன் முட்டை காய்ந்த தட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதை விட, தட்டே இல்லாமல் வளர்ப்பது நல்லது. தண்ணீர் தேங்குவதை வெறுக்கும் செடிக்குத் தட்டு எதற்கு?

வகுப்பறைகளுக்கு நமது யோசனை ஒன்று. எச்செவேரியாவின் ஒரு இலையை முறியாமல் அடியோடு கழற்றி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர விட்டு, மண் மேல் வைத்தால் சில வாரங்களில் வேரும் குட்டிச் செடியும் வரும். எல்லா இலையும் பிழைக்காது, பல பிழைக்கும். பதியமுறை இனப்பெருக்கத்தைப் படிப்பிக்க இதை விட மலிவான பாடம் இல்லை. ஊற்றாமல் காத்திருக்கும் பொறுமையும் பிள்ளைகளுக்கு வரும்.

அடுத்த ஆசிரியர் தினத்துக்குக் கடைச்செடி வேண்டாம் பிள்ளைகளே. நீங்களே இலையில் இருந்து வளர்த்த ஒரு குட்டியைக் கொண்டு வாருங்கள். "தண்ணீர் குறைவாக, தட்டு வேண்டாம்" என்று ஒரு துண்டில் எழுதிச் சாடியில் குத்தி விடுங்கள். இன்ஷா அல்லாஹ், அந்தச் செடி அடுத்த வருடமும் இருக்கும்.