காணியை விற்று நிலைபேறு படிக்கலாமா?

வெளிநாட்டுப் பட்டப்பின் படிப்புக்கு மாணவர் பிடிக்கும் முகவர்களின் விளம்பரங்களில் புதிய சரக்கொன்று முன்வரிசைக்கு வந்திருக்கிறது. ஒருகாலத்தில் கணக்கியலும் தகவல் தொழில்நுட்பமும் விற்ற அதே கடைகளில் இன்று ‘நிலைபேறான வணிக முகாமைத்துவம்’ விற்பனையாகிறது. பூமியைக் காப்பாற்றலாம், நல்ல சம்பளம் பெறலாம், பிரித்தானியாவிலேயே தங்கிவிடவும் வழி பிறக்கும் என்று ஒரே மூச்சில் மூன்று வரங்கள் வாக்களிக்கப்படுகின்றன. இம்மூன்றையும் தனித்தனியே எடுத்து உரசிப் பார்க்கவேண்டிய கடமை பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு.

பாடத்தின்மீது எனக்குப் பகையில்லை. 1713ஆம் ஆண்டில் ஜேர்மனியின் சக்சனிப் பிரதேசத்துச் சுரங்க நிர்வாகியான ஹான்ஸ் கார்ல் வொன் கார்லோவிற்ஸ், உலைகளுக்கு மரம் தட்டுப்படுவதைக் கண்டு, காடு வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது என்று நூல் எழுதினார். 1987இல் புருண்ட்லாண்ட் அம்மையார் தலைமையிலான ஐ.நா. ஆணைக்குழு, நாளைய தலைமுறையின் தேவையைப் பறிக்காமல் இன்றைய தேவையை நிறைவுசெய்வதே அபிவிருத்தி என வரையறுத்தது. 2003இல் ஜேர்மனியின் லூனபேர்க் பல்கலைக்கழகம் நிலைபேற்று முகாமைத்துவத்துக்கென்றே ஒரு எம்.பி.ஏ. கற்கைநெறியைத் தொடங்கியது. ஆக, இந்தப் பாடத்தின் அரிச்சுவடி மிகவும் எளியது. விளைச்சலைத் தின்னலாம், விதைநெல்லைத் தின்னக்கூடாது. எங்கள் பாட்டன்மாருக்கு இதைச் சொல்லித்தர ஒரு பேராசிரியரும் தேவைப்படவில்லை.

ஆனால், இந்தப் பாடத்தைப் படிக்க எங்கள் குடும்பங்கள் எவ்வாறு பணம் திரட்டுகின்றன? தோட்டக் காணியின் உறுதி ஈட்டுக்குப் போகிறது. தாயின் நகை வங்கிக்குப் போகிறது. விசாவுக்காக வங்கிக் கணக்கில் ‘காசு காட்டுவதற்கு’ வட்டிக்கு வாங்கப்படுகிறது. அகப்பட்டுக்கொண்டவர் மீற்றர் வட்டிக்காரனிடமும் போகிறார். கற்கைக் கட்டணம் ஒருபுறமிருக்க, பிரித்தானியாவின் குடிவரவுச் சுகாதார மேலதிகக் கட்டணம் மாத்திரம் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 776 பவுண். ரூபாவில் உழைத்துப் பவுணில் செலுத்தும் குடும்பத்தின் நிலை என்ன என்பதை 2022ஆம் ஆண்டு காட்டித் தந்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைக் கடந்தது. பிள்ளை வகுப்பறையில் ‘நாணய மாற்று இடர்’ என்ற அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருக்க, தகப்பன் ஊரில் அந்த அத்தியாயத்தை அனுபவித்துக்கொண்டிருந்தார். நிலைபேறு பற்றிய முதலாவது பாடத்திலேயே நாம் தோற்றுவிடுகிறோம். விதைநெல்லை விற்று, விதைநெல்லைத் தின்னக்கூடாது என்று படிக்கிறோம்.

அடுத்தது, தங்கும் வழி. பலர் வாங்குவது பட்டத்தை அல்ல, விசாவை என்பது ஊரறிந்த இரகசியம். போரும் பொருளாதார வீழ்ச்சியும் கண்ட மண்ணிலிருந்து ஒருவர் வெளியேற விரும்பினால் அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்குகிறவர் என்ன சரக்கை வாங்குகிறோம் என்பதையாவது தெரிந்து வாங்கவேண்டாமா? 2024 ஜனவரி முதல் தொடங்கும் கற்பித்தல்வழி முதுமாணிக் கற்கைகளுக்குச் செல்வோர் குடும்பத்தாரை உடனழைத்துச் செல்வதைப் பிரித்தானியா நிறுத்திவிட்டது. படிப்பு முடிந்தபின் இரண்டாண்டு தங்கி வேலைசெய்ய இருந்த அனுமதி, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிப் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதங்களாகக் குறைகிறது. விதியை மாற்றும் அதிகாரம் அவர்களின் உள்துறை அமைச்சிடம் இருக்கிறது. கடனைத் திருப்பிச் செலுத்தும் கடப்பாடு மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

நல்ல சம்பளம் என்ற வாக்குறுதியும் கல்லில் பொறித்ததன்று. ஐரோப்பாவில் இத்துறையின் வேலைவாய்ப்புகளில் ஒரு பகுதி, நிறுவனங்கள் சூழல் அறிக்கை தயாரிக்கவேண்டும் என்ற சட்டத்தில் தங்கியிருந்தது. 2025 பெப்ரவரியில் ஐரோப்பிய ஆணைக்குழுவே, அச்சட்டத்துக்குள் வந்த நிறுவனங்களில் சுமார் 80 சதவீதத்தை விடுவிக்கும் யோசனையை முன்வைத்தது. அறிக்கைகளின் பெறுமதிதான் என்ன? 2015 செப்ரெம்பரில், உலகப் புகழ்பெற்ற டவ் ஜோன்ஸ் நிலைபேற்றுச் சுட்டெண் வொல்க்ஸ்வாகனை மோட்டார் துறையின் முதல்வனாக அறிவித்தது. அடுத்த சில நாட்களிலேயே அந்நிறுவனம் புகைச் சோதனையில் செய்த மோசடி அம்பலமாயிற்று. அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்தில் சூழற் கல்விக்கே பெயர்பெற்று விளங்கிய கிறீன் மவுண்டன் கல்லூரி, மாணவர் தொகை குறைந்து, பண நெருக்கடியினால் 2019இல் மூடப்பட்டது. நிலைபேறு கற்பித்த நிறுவனமே நிலைபெறவில்லை!

அப்படியானால் இந்தப் படிப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், எங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்து, விவசாயி வீதிக்கு வந்தபின் நவம்பரில் தடையைத் தளர்த்திய நாடு இது. ‘பசுமை’ என்ற சொல்லை வைத்திருந்தவர்களிடம் கணக்கு இருக்கவில்லை. ஆறில்லாத குடாநாட்டின் உயிர்நாடி சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் நிலத்தடி நீர். அந்நீரில் அனல்மின் நிலையமொன்றின் கழிவெண்ணெய் கலந்து சுண்ணாகத்துக் கிணறுகள் கெட்ட வழக்கில், நிறுவனம் 20 மில்லியன் ரூபா செலுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஒரு கிணற்றின் விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதைவிடப் பெரிய வணிகப் பாடம் எது?

மன்னாரைப் பாருங்கள். 2020 டிசெம்பரில் 30 காற்றாலைகளுடன் திறக்கப்பட்ட தம்பபவனி மின்நிலையம் புகையில்லாத மின்சாரம் தருகிறது. 2025இல் அதே தீவின் மக்கள் மேலும் காற்றாலைகள் வேண்டாமென்று வீதியில் இறங்கினார்கள். வெள்ளம் வடியவில்லை, மீன்பிடி பாதிக்கப்படுகிறது, பறவைகள் வரும் வழி மறிக்கப்படுகிறது என்பது அவர்களின் முறைப்பாடு. மின்சாரம் நாட்டுக்கு, இலாபம் நிறுவனத்துக்கு, சேதம் தீவுக்கு என்றால் அந்தக் கணக்கை யார் எழுதுவது? இரு தரப்புக்கும் அஞ்சாமல் எழுதக்கூடிய, கற்றுத் தேர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை அங்கே தேவைப்படுகிறது. இலங்கையின் முன்னணி நிறுவனங்களுக்கு 2025 முதல் நிலைபேற்று அறிக்கையிடல் தராதரங்கள் அமுலாகத் தொடங்கியிருப்பதால், இங்கேயும் வேலை உண்டு.

ஆகவே நான் சொல்வது இதுதான். காணியை விற்காமல் போகக்கூடிய கதவுகளை முதலில் தட்டுங்கள். செவனிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில், இராஸ்மஸ் முண்டுஸ் ஆகியவற்றுக்கு இலங்கையர் விண்ணப்பிக்கலாம். எம்.பி.ஏ. போன்ற சில கற்கைகள் நீங்கலாக, ஜேர்மனியின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் கற்கைக் கட்டணம் அறவிடுவதில்லை; வாழ்க்கைச் செலவுக்கான பணத்தைத்தான் முன்கூட்டியே காட்டவேண்டும். முகவர் இவற்றைச் சொல்லமாட்டார். இவற்றில் அவருக்குத் தரகு கிடையாது. போகிறவர் ஊரிலிருந்து ஒரு கேள்வியைக் கையோடு கொண்டுபோகவேண்டும். இலண்டன் அங்காடியொன்றின் பொதிசெய்யும் பை பற்றி ஆய்வுக்கட்டுரை எழுத அந்நாட்டிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். வலிகாமத்துக் கிணறு பற்றி எழுத இவரைத் தவிர யாருமில்லை.

புலம்பெயர்ந்த தேசங்களில் வாழும் பழைய மாணவர் சங்கத்தினருக்கும் ஒரு வார்த்தை. பாடசாலை வாயிலில் வளைவு கட்டியது போதும். ஆண்டுக்கு ஒரு பிள்ளையை இத்துறையில் படிக்க அனுப்புங்கள். செவனிங் புலமையாளர் தாயகம் திரும்பி இரண்டாண்டாவது இருக்கவேண்டும் என்று பிரித்தானிய அரசு நிபந்தனை விதிக்கிறது. அந்நியர் விதிக்கும் அந்த நிபந்தனையை எங்கள் பணத்துக்கு நாங்கள் விதிக்க ஏன் கூச்சப்படவேண்டும்? காணி ஊரில் இருக்கட்டும். படித்த பிள்ளை திரும்பிவந்து நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும்.