கணக்கும் விளையாட்டும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம் மரபு. எனினும், கணக்கு என்றதும் முகம் வாடும் பிள்ளைகள் நம்மிடையே பலர் உளர். அவர்கள் அறிவிற் குறைந்தவர்களா? அல்லர். குறை வேறிடத்தில் இருக்கிறது.

ஒரு சான்று காண்போம். ஒரு வடை 80 காசு. 7 வடை வாங்கி 10 வெள்ளி கொடுத்தால் மீதி எவ்வளவு? செய்யும் முறையை அறிந்த பிள்ளையும், 7ஐ 8ஆல் பெருக்க விரல்விட்டு எண்ணத் தொடங்கினால், எண்ணி முடிப்பதற்குள் கேள்வியையே மறந்துவிடுகிறது. முறை தெரிந்தும் விடை தவறுகிறது. சிலமுறை இவ்வாறு தவறியதும், “எனக்குக் கணக்கு வராது” என்று தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொள்கிறது. வாய்பாடு நாவில் நின்றால்தான் சிந்தை கேள்வியில் நிற்கும்.

இத்திறன் பள்ளிப் பாடவேளையால் மட்டும் வந்துவிடாது; நாள்தோறும் சிறிது பழக்கம் வேண்டும். அப்பழக்கத்தை விளையாட்டாகவே தரலாம் என்பது நம் கருத்து.

பல்லாங்குழியில் 14 குழிகள். குழிக்கு 5 விதை இட்டால் 70. மலாய் நண்பர்களின் சொங்காக் பலகையில் பெரும்பாலும் 14 குழிகளுக்கு 7 வீதம் 98. கையிலுள்ள விதைகள் எந்தக் குழியில் முடியும் என முன்னரே கணிக்கும் பிள்ளை, தன்னை அறியாமலே கூட்டலைப் பழகுகிறது. பலகை இல்லையெனில் மண்ணிற் குழி தோண்டலாம். ரப்பர் விதையோ, சி ரூசாக் கடற்கரையிற் பொறுக்கிய சிப்பியோ போதும்.

ஐந்தாங்கல் ஆட்டம், நம் மாநிலத் தலைநகரின் பெயரைத் தாங்கி, மலாய்மொழியில் ‘பத்து செரம்பான்’ என வழங்குகிறது. ஒரு கல்லை மேலே எறிந்து, மற்ற நான்கையும் ஒவ்வொன்றாக, இரண்டிரண்டாக, மூன்றும் ஒன்றுமாக, பின் ஒருசேர அள்ளுகையில், நான்கின் பகுப்புகள் கைக்குள் வந்துவிடுகின்றன. கல்லும் வேண்டாமெனில் வாயாலேயே ஆடலாம். தாய் “7” என்றால், பிள்ளை “3” எனப் பத்தை நிரப்ப வேண்டும்.

“படிக்கும் நேரத்தில் விளையாட்டா?” எனப் பெற்றோர் சினக்கலாம். பாடத்தை விட்டு விளையாடுமாறு நாம் கூறவில்லை. வீட்டுப்பாடம் முடிந்தபின் 10 நிமிடம் போதும். ஆயினும், ஓர் எச்சரிக்கை! தோற்ற பிள்ளையை ஏளனம் செய்யும் ஆட்டம் பழைய அச்சத்தையே வளர்க்கும். மெல்லக் கணிக்கும் பிள்ளைக்கு முதலில் எளிய எண்களைக் கொடுப்போம். விரைவு பின்னர் வரும்.

“நமக்கே படிப்பில்லை, பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது?” எனத் தோட்டத்துப் பெற்றோர் சிலர் தயங்குவர். நிறுத்த பாலின் அளவையும் வெட்டிய குலைகளின் எண்ணிக்கையையும் மனத்திலேயே கூட்டி வைத்துச் சம்பள நாளில் சரிபார்த்தவர்கள் நம் முன்னோருள் பலர். பல்லாங்குழியும் அவர்கள் விட்டுச்சென்ற செல்வமே. அந்தக் கணக்கறிவு நம்மோடு முடிந்துவிடலாமா? கணக்கறியாதவன் தன் உழைப்பின் விலையையே பிறர் சொல்லித்தான் அறிய நேரும்.

ஆகவே, பெற்றோரே, இன்றிரவே பிள்ளைகளுடன் அமருங்கள். மாணவச் செல்வங்களே, விதைகளைப் பொறுக்கி வாருங்கள். ஆடியும் பாடம் பயின்றும் கணக்கை நம் வசமாக்குவோம்!