குற்றவாளி மோட்டாரா, மின்கம்பியா?

விவசாயியின் பம்புசெட் மின்சாரத்தைத் தின்று தீர்க்கிறது, ஆகவே அவன் சிக்கனமான மோட்டாருக்கு மாற வேண்டும் என்ற உபதேசம் டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஓயாமல் கேட்கிறது. மின்சாரத்தைச் சேமிப்பது நல்ல காரியம். அதை நாம் எதிர்க்கவில்லை. ஒரு யூனிட் வீணானாலும் அது உழைக்கும் மக்களின் பணம்தான். ஆனால் சிக்கனத்துக்கு ஆகும் செலவை யார் சுமப்பது, அதன் பலனை யார் அனுபவிப்பது? இந்தக் கேள்விக்கு சர்க்கார் நேர்மையாகப் பதில் சொல்லட்டும்.

2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. அதன்படி 2002 மார்ச் 1-ம் தேதி எரிசக்தித் திறனுக்கென்று மத்திய சர்க்கார் ஒரு தனி அமைப்பை ஏற்படுத்தியது. மின்சாரச் சாமான்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் ஒட்டும் ஏற்பாடு அந்த அமைப்பினுடையதுதான். 2010-ல் அறைகளுக்கான ஏ.சி.க்கும், பனி உறையாத குளிர்சாதனப் பெட்டிக்கும் இந்த நட்சத்திரம் கட்டாயமாக்கப்பட்டது. விவசாய பம்புசெட்டுக்கு? அதை ஆண்டுக்கணக்கில் விருப்பப் பட்டியலிலேயே வைத்திருந்தார்கள். கம்பெனிக்காரர் விரும்பினால் ஒட்டலாம், விரும்பாவிட்டால் ஒட்டாமலே விற்கலாம். கடையில் மட்டரகச் சரக்கை விற்க அனுமதித்துவிட்டு, அதை வாங்கிய ஏழை விவசாயியைப் பார்த்து "நீதான் மின்சாரத்தைப் பாழாக்குகிறாய்" என்று கை நீட்டுவது என்ன நியாயம்?

முதலாளித்துவ அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே வசதி படைத்தவர்கள் வீட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டிக்கொள்கிறார்கள். அந்தக் குளத்துத் தண்ணீரைச் சுற்றிவிடும் பம்புகளுக்கு அந்த நாட்டு சர்க்கார் திறன் அளவை நிர்ணயித்து, 2021 ஜூலை 19 முதல் அமல் நடத்தியது. பம்பின் மோட்டாருக்கென்றே இன்னொரு விதியை 2023 செப்டம்பரில் வெளியிட்டது. அந்த விதிகள் யாரைக் கட்டுப்படுத்துகின்றன? உற்பத்தி செய்பவரையும் இறக்குமதி செய்பவரையும்! குளத்தில் குளிப்பவருக்கு அங்கே யாரும் உபதேசம் செய்யவில்லை. சீமான்களின் நீச்சல் குளத்துக்குக் கம்பெனியைக் கட்டுப்படுத்தும் சட்டம். ஊருக்குச் சோறு போடும் நெல் வயலுக்குக் கம்பெனியின் விருப்பம்! இதுதான் உலக நியாயமா?

அடுத்து, மின்கம்பியின் கதைக்கு வருவோம். நட்சத்திரம் தரும் சோதனை, மோட்டாருக்கு உரிய முழு அழுத்தத்தில் நடக்கிறது. மும்முனை மோட்டாருக்கு அது 415 வோல்ட். இதிலிருந்து நூற்றுக்கு ஆறு பங்குக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது தாழ்வழுத்த மின் விநியோகத்துக்கு உள்ள விதி. அதாவது 390 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆனால் நடவுக் காலத்தில் எல்லா மோட்டார்களும் ஒரே நேரத்தில் ஓடும்போது, டிரான்ஸ்பார்மரிலிருந்து நெடுந்தூரம் இழுத்த கம்பியின் கடைக்கோடியில் என்ன நடக்கிறது? மோட்டார் கொட்டகையில் நிற்பவனைக் கேளுங்கள். அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மோட்டாரின் முறுக்குவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே வேலையை முடிக்க மோட்டார் அதிகக் கரண்ட்டை இழுக்கும், சூடேறும், காயில் கருகும். பயிர் வாடிக் கிடக்கும்போது கடன் வாங்கியாவது காயில் கட்ட வேண்டும். அவசரத்தில் கட்டிய காயில் பழைய திறனுக்கு வருவது அரிது. ஐந்து நட்சத்திரம் ஒட்டி வந்த மோட்டாரும் இந்தக் கம்பியில் ஓடினால் நட்சத்திரத்துக்குரிய வேலையைச் செய்யாது. லோ வோல்டேஜைத் தாங்கும் முரட்டு மோட்டாரை விவசாயி தேடுவது அறியாமையால் அல்ல, அனுபவத்தால்.

மோட்டாருக்கு நட்சத்திரம் போடத் தெரிந்த சர்க்காருக்கு, மின்கம்பிக்கு நட்சத்திரம் போடத் தெரியாதா?

லாப நஷ்டக் கணக்கையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். யாரும் தானமாகத் தந்ததல்ல இது. மின் கட்டண உயர்வை எதிர்த்த கிளர்ச்சியில் 1970-ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், பின்னர் அனைத்து விவசாயிகளுக்கும் இலவசம் கிடைத்தது. ஆக, சிக்கன மோட்டாரால் மிச்சமாகும் யூனிட் யாருக்கு லாபம்? மின்வாரியத்துக்கும் சர்க்காருக்கும்! கூடுதல் விலை கொடுப்பவன் விவசாயி. பலன் பெறுபவர் பணம் போடுவதுதானே முறை? சிறு குறு விவசாயிகளுக்கு மோட்டார் மாற்ற மாநில சர்க்கார் மானியம் அறிவித்ததை வரவேற்கிறோம். ஆனால் நான்கு நட்சத்திரத்துக்குக் குறையாத மோட்டார் என்று நிபந்தனை வைத்துவிட்டு, விலையில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்தால், மீதிப் பணத்துக்கு அவன் எந்த வட்டிக்கடைக்குப் போவான்?

குத்தகைதாரரின் நிலை இன்னும் மோசம். சீர்காழி வட்டாரத்தில் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் தலைமுறையாக உழுது வருபவர்கள் பலர். பட்டா இன்னொருவர் பெயரில். மின் இணைப்பும் இன்னொருவர் பெயரில். உழுபவனுக்கு மானிய மனு எழுதவே வழியில்லை என்றால், திட்டம் யாருக்காக?

இத்தோடு இன்னொரு அபாயமும் இருக்கிறது. "சிக்கனம்" என்ற வாசல் வழியாக மீட்டர் நுழையப் பார்க்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் இலவச மின்சாரத்தை நிறுத்தி, கட்டணம் போட்டு, சிறு விவசாயிக்குப் பணமாகத் தருகிறோம் என்றார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் மக்கள் கொடுத்த அடிக்குப் பிறகுதான் அந்த உத்தரவு வாபஸானது. 2020-ல் மத்திய சர்க்கார் அதே சரக்கை மின்சாரத் திருத்த மசோதா என்ற பெயரில் கொண்டுவந்தது. அந்த மே மாதத்தில், மாநிலங்கள் கூடுதல் கடன் வாங்குவதற்கும் இதே போன்ற நிபந்தனைகளைப் போட்டது. முதலில் கட்டணத்தைக் கட்டு, மானியம் பிறகு வங்கிக்கு வரும் என்பதே இதன் சாரம். கட்ட வேண்டிய தேதி தவறாது. வர வேண்டிய பணம் எப்போது வரும்?

சிக்கனத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு ஒழுங்காக வந்தால் மோட்டார் ஓட வேண்டிய நேரமே குறையும். 2023-ல் ஜூன் 12-ல் திறந்த அணையை அக்டோபர் 10-ல் மூடினார்கள். குறுவைப் பயிர் கருகியது. ஆற்றில் நீர் இல்லாதபோது நிலத்தடி நீரைத்தான் இறைக்க வேண்டும். கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு நீர் உள்ளே வரும். வாய்க்காலைத் தூர் வாருவதும், காவிரியில் நமக்குரிய பங்கைப் பெறுவதும் மின்சாரச் சிக்கனம்தான்!

ஆகவே நாம் கோருவது இதுதான். பம்புசெட்டின் திறன் அளவைக் கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கு! தாழ்ந்த அழுத்தத்திலும் சோதித்த பிறகே நட்சத்திரம் கொடு! கடைக்கோடி வரை உரிய அழுத்தம் தர டிரான்ஸ்பார்மரையும் கம்பியையும் பெருக்கு! பழைய மோட்டாரை சர்க்கார் செலவில் மாற்று, குத்தகைதாரரையும் சேர்த்துக்கொள்! மோட்டாரை மாற்றுவதைக் காரணம் காட்டி மீட்டர் மாட்டாதே!

நட்சத்திரத்தை மோட்டாரில் ஒட்டுவதற்கு முன், கடைக்கோடிக் கம்பியில் ஒரு வோல்ட்மீட்டரை வைத்துப் பார்க்க அதிகாரிகள் வரட்டும். ஊர்தோறும் விவசாயிகள் ஒன்றுகூடி அவர்களை அழையுங்கள். குற்றவாளி யார் என்பதை அந்த முள்ளே காட்டிவிடும்.