தாடை வலின்னா கஞ்சி மட்டும் தானா?

வாய் திறக்க முடியலைன்னு யாராவது சொன்னா நம்மாளுங்க உடனே நீட்டுறது ரெண்டு: அரிசிக் கஞ்சி, ஆப்பிள் ஜூஸ். ரெண்டும் இறங்கும்தான். புரதம் எங்கே? காதுக்கு முன்னாடி இருக்கிற தாடை மூட்டு பிசகினாலும், கடைவாய்ப்பல் பிடுங்கினாலும், ஆற வேண்டிய நேரத்துல உடம்புக்குச் சத்து கூடுதலாத்தான் வேணும்.

இத்தனைக்கும் மெல்ல வேண்டாத சாப்பாட்டுக்கு நம்ம ஊர்ல பஞ்சமா? வேளச்சேரியில எந்தப் பக்கம் திரும்பினாலும் காலையில இட்லியும் பொங்கலும் கிடைக்கும். இட்லியை சாம்பார்ல ஊறவிட்டா நாக்காலேயே நசுக்கிடலாம். பொங்கல்ல பாசிப்பருப்பு இருக்கு. மிளகை மட்டும் பொறுக்கிப் போட்டுடணும். கேழ்வரகுக் கூழ்ல மோர் விட்டுக் குடிங்க, 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். குழைய வேகவைச்ச பருப்பு சாதம், கீரை மசியல், அரைவேக்காட்டு முட்டை இல்லாம வெந்த முட்டையை மசிச்சு (ஒண்ணுல சுமார் 6 கிராம் புரதம்)... பரோட்டா பிரியர்கள் கொஞ்ச நாள் பொறுத்துக்கணும் :-)

ஆனா வாய் மெதுவா இறுகிக்கிட்டே வந்து, காரம் பட்டாலே எரியுதுன்னா கதை வேற. அது பெரும்பாலும் பாக்கோட வேலை. 1952-லயே கென்யாவுல வாழ்ந்த இந்தியப் பெண்கள்கிட்ட ஷ்வார்ட்ஸ் என்பவர் இதைப் பதிவு பண்ணியிருக்கார். புற்றுநோயாவும் மாறலாம். தமிழ்நாட்டுல 2013-ல் குட்காவைத் தடை பண்ணாங்க, சரி. புகையிலை இல்லாத வெறும் பாக்கை மட்டும் "அதுல என்ன இருக்கு"ன்னு இன்னும் மெல்லுறாங்களே! அவங்களுக்குக் கூழ் கரைச்சுக் கொடுக்கிறதுக்கு முன்னாடி பாக்கைப் பிடுங்கிப் போட்டுட்டு, பல் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போங்க.