எல்லாம் தண்ணீர் செய்த வேலையா?

கொல்கத்தாவில் குடியேறிய நம்மவர் யாரிடமாவது வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்பார். வந்து இருபது வருடம் ஆனவரும் அதையேதான் சொல்வார். கடுகெண்ணெய் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. பக்கத்து வீட்டு வங்காளிகளுக்கோ எல்லாமே 'அம்பல்', இல்லாவிட்டால் 'ஆமாஷா'. இரண்டுக்கும் மருந்துக்கடைக்காரரே மாத்திரை கொடுத்துவிடுவார். பெரும்பாலும் குணமாகியும் விடும். தொல்லையே அதில்தான் இருக்கிறது.

என் மைத்துனர் இப்படித்தான் ஒன்றரை வருடத்தைக் கழித்தார். சாப்பிட்டதும் வலி, அவ்வப்போது பேதி, மாலையில் காய்ச்சல். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப் போனார். "ஊருக்குப் போய் இரண்டு மாதம் நம் சாப்பாடு சாப்பிட்டால் சரியாகிவிடும்" என்றோம். நானும்தான் சொன்னேன். பிறகு ஸ்கேனில் குடல் சுவர் தடித்திருப்பது தெரிந்தது. குடல் காசநோய் என்று மாத்திரை தொடங்கினார்கள். நான்கு மாதமாகியும் எடை ஏறவில்லை. அதற்குப் பிறகுதான் கொலனோஸ்கோப்பி செய்து திசு எடுத்துப் பார்த்தார்கள். லிம்ஃபோமா, அதாவது நிணநீர்த் திசுவில் தோன்றும் புற்றுநோய். கீமோதெரபி முடித்து இப்போது நலமாக இருக்கிறார். ஆனால் போன மாதங்கள் போனவைதானே!

மருத்துவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் நாட்டில் குடல் காசநோய் சகஜம், குடல் லிம்ஃபோமா அபூர்வம். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் இரண்டுமே வரலாம். காய்ச்சல், இளைப்பு, வயிற்றுக்குள் நெறி கட்டுதல் இரண்டுக்கும் பொது. சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே போகலாம். பயாப்ஸிதான் பிரித்துச் சொல்லும். அதிலும், நோய் சுவரின் ஆழத்தில் இருந்தால் மேலாகக் கிள்ளிய துணுக்கில் அகப்படாது. இரண்டாம் முறை எடுக்கச் சொன்னால் அலுத்துக்கொள்ள வேண்டாம். திசு எடுப்பதற்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, நோயின் அடையாளம் மறைந்துவிடவும் கூடும்.

முன்கூட்டியே கண்டுபிடிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. ஐ.பி.எஸ்.ஐ.டி. என்று ஒரு சிறுகுடல் லிம்ஃபோமா உண்டு. மத்தியதரைக் கடல் நாடுகளில் அதிகம் பேசப்பட்ட இந்நோய் தென்னிந்தியரிடமும் உண்டென்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் 1998-இல் எழுதினார்கள். பார்ப்பதற்கு வெறும் நாட்பட்ட பேதிதான். பெரும்பாலும் இளவயதினருக்கு வருகிறது. ஆரம்பக் கட்டத்தில் டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை மாதக்கணக்கில் கொடுத்தே பலரிடம் அடக்கிவிடலாம். முற்றிவிட்டால் கீமோதெரபிதான். 2004-இல் இதற்கும் காம்பிலோபாக்டர் என்னும் பேதிக் கிருமிக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. தண்ணீரைக் குறைசொன்னவர்கள் முழுக்கத் தவறு என்றும் சொல்வதற்கில்லை!

ஆகவே என் அபிப்பிராயம் இது. பேதியோ வலியோ வாரக்கணக்கில் நீடித்து, கூடவே எடையும் இறங்கினால் மருந்துக்கடையோடு நிற்கக் கூடாது. குடல் காசநோய் மாத்திரை எழுதும்போது "திசு பார்த்தாயிற்றா?" என்று கேளுங்கள். டாக்டர் கோபித்தால் கோபிக்கட்டும். திசு கிடைக்காமல்தான் மருந்து தொடங்குகிறார்கள் என்றால், குணம் தெரிகிறதா என்று மறுபடி பார்க்கும் தேதியை அன்றைக்கே குறித்து வாங்குங்கள். நாமாக மருந்தை நிறுத்துவதும் ஆபத்து.

கோடை விடுமுறையில் வேலூருக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று காத்திருப்பதும் நம்மிடையே ஒரு வழக்கம். இங்கேயே 1950-இல் ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்த சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ராஜர்ஹாட்டில் 2011 முதல் டாடா மெடிக்கல் சென்டரும் நடக்கிறது. காட்பாடிக்கு டிக்கெட் கிடைக்கும்வரை வயிறு காத்திருக்குமா? அப்படியும் போகத்தான் போகிறீர்கள் என்றால், ரிப்போர்ட்டோடு பயாப்ஸியின் ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக் கையோடு கொண்டு போங்கள்.