கண்ணீர் கடல் கடக்கிறது, கம்பியோ நம் ஊரில்!

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. விழிகள் நனைந்திருந்தன.

எடப்பாடியிலே, தறியின் ஓசை சற்றே ஓய்ந்த ஓர் இரவிலே, நம் தோழர்கள் நாற்பது பேர் கூடியமர்ந்து, ஏவா டூவெர்னே எனும் கருப்பின நங்கை 2016-ஆம் ஆண்டு ஆக்கியளித்த 'பதின்மூன்றாவது' என்ற ஆவணப் படத்தைக் கண்டனர். ஆங்கிலப் பேச்சை அவ்வப்போது தமிழிலே எடுத்துரைக்கும் பணி எனக்கு. கல்லூரியைப் பாதியிலே விட்டவன் கற்ற ஆங்கிலம் அதற்காவது பயன்படட்டுமே!

1865-இலே அமெரிக்க அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாவது திருத்தம் அடிமைத்தனத்தை ஒழித்தது. ஒழித்த அதே வாக்கியத்திலே ஓர் ஓட்டையும் வைத்தது: குற்றத்துக்குத் தண்டனையாக இருந்தால் அடிமை வேலை வாங்கலாம்! கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பண்ணையாரிடமே கொடுத்த கதை. வேலையின்றித் திரிந்தால் குற்றம் என்றார்கள், கருப்பரைப் பிடித்தார்கள், சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் கைதிகளை வாடகைக்கு விட்டார்கள். நேற்று அடிமை, இன்று கைதி. முதுகு அதே முதுகு! 1970-இலே ஏறத்தாழ 3,57,000 பேர் இருந்த சிறைகளிலே, 2014-இலே 23 லட்சம் பேர். உலக மக்களிலே நூற்றுக்கு ஐவர் வாழும் நாட்டிலே, உலகக் கைதிகளிலே நூற்றுக்கு இருபத்தைவர் என்றது அப்படம்!

காலீஃப் பிரவுடர் என்ற பதினாறு வயதுப் பிள்ளை, தோள்பை ஒன்றைத் திருடினான் என்று 2010-இலே பிடிபட்டான். பிணைத் தொகை கட்டக் குடும்பத்துக்கு வழியில்லை. மூன்றாண்டு சிறை, அதிலே பெரும்பகுதி தனிக் கொட்டடி. விசாரணை நடக்கவே இல்லை. இறுதியிலே வழக்கையே கைவிட்டார்கள். வெளியே வந்த பிள்ளை 2015-இலே தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அந்தக் கட்டத்திலேதான் அரங்கம் விம்மிற்று.

அழுதவர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் நான் நாடகக்காரன். மூன்றாம் காட்சியிலே தாயைச் சாகடித்தால் ஐந்தாம் வரிசை வரை கைக்குட்டை எடுக்கும் என்ற கணக்கு அறிந்தவன். ஆகவே கண்ணீரை அளப்பதில்லை. கண்ணீர் துடைத்த பிறகு வாய் என்ன பேசுகிறது என்பதைக் கேட்பேன். அன்றிரவு கேட்டேன். கேட்டதை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் குரல் சொன்னது: "நல்லவேளை, நம் நாட்டில் இப்படி இல்லை!"

இல்லையா தோழரே? கடலோரத்து உப்பைப் பொதிமாடுகளிலே ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுவந்து விற்ற குறவர் குலத்தை எண்ணிப் பாருங்கள். இரயில் வந்தது, உப்பு வரி வந்தது, காட்டுச் சட்டம் வந்தது, அவர்கள் பிழைப்பு போயிற்று. பிழைப்பைப் பறித்த அதே வெள்ளை அரசு, அவர்கள் நெற்றியிலே 'குற்றப் பரம்பரை' என்று எழுதிற்று. 1871-இலே வடக்கே பிறந்த அந்தச் சட்டம், 1911-இலே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திருடியவனைக் கள்ளன் என்பது உலக வழக்கு. பிறந்தவனையே கள்ளன் என்றது அச்சட்டம்! கைரேகை வைக்க வேண்டும். காவலரிடம் ஆஜராக வேண்டும். அனுமதியின்றி ஊர் தாண்டலாகாது. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர்க் கள்ளர் மக்களை 1920 ஏப்ரல் 3-இலே துப்பாக்கி சுட்டு வீழ்த்திற்று.

சட்டம் ஒழிந்தது, ஆம், சென்னையிலே 1947-இலே, நாடெங்கும் 1952-இலே. ஆனால் 1948-இலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் இங்கே வந்துவிட்டது. அமெரிக்கா விட்டது ஓர் ஓட்டை என்றால், நாம் வைத்தது ஒரு வாசலே அல்லவா?

அந்த வாசல் வழியாகத்தான் 1993-இலே காவலர் நுழைந்தார்கள். முதனை கிராமத்து இராசாக்கண்ணு, குறவர் குலத்துத் தொழிலாளி, நகைத் திருட்டு என்ற பெயரிலே கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். உயிரோடு திரும்பவில்லை. கணவனைத் தேடிய மனைவி நீதிமன்றம் ஏறினார்; வழக்கறிஞர் சந்துரு வாதாடினார்; காவலர்களுக்கு உயர்நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது 2006-இலே. பதின்மூன்று ஆண்டுகள்! 'பதின்மூன்று' என்ற எண் அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமன்று, தோழரே.

இரண்டாம் குரல் சொன்னது: "குற்றம் செய்யாதவனை ஏன் பிடிக்கப் போகிறார்கள்?"

இந்தியச் சிறைகளிலே 2022-ஆம் ஆண்டின் இறுதியிலே அடைபட்டிருந்தோர் 5,73,220 பேர். அவர்களிலே 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றவாளி என்று எந்த நீதிபதியும் தீர்ப்பளிக்காதவர்கள். நால்வரிலே மூவர்! பிணை கிடைத்தும் ஜாமீன் கொடுக்க ஆளில்லாமல் கிடப்பவரும் அவர்களிலே உண்டு. பணம் உள்ளவன் மாலையிலே வீடு திரும்புகிறான். இல்லாதவன் பொங்கலையும் அங்கே காண்கிறான், ஆடிப்பெருக்கையும் அங்கே காண்கிறான்.

நம் மாநிலத்திலே 1982-ஆம் ஆண்டின் பதினான்காவது சட்டம் உண்டு. மக்கள் மொழியிலே குண்டர் சட்டம். விசாரணை இன்றியே ஓராண்டு உள்ளே வைக்கலாம். சாராயம் காய்ச்சுவோர், குண்டர் என்று தொடங்கிய பட்டியலிலே பிறகு திருட்டு வீடியோக்காரரும் சேர்ந்தார், மணல் கடத்துவோரும் சேர்ந்தார். எந்தக் கட்சி கோட்டையிலே அமர்ந்தபோதும் அச்சட்டம் போகவில்லை, பட்டியல்தான் வளர்ந்தது. எதிர் வரிசையிலே இருக்கும்போது கருப்புச் சட்டம் என்போம்; ஆளும் வரிசைக்கு வந்தால் அமைதி காக்கும் சட்டம் என்போம். இதை நம்மை விட்டுவிட்டு நான் சொல்லவில்லை. நம்மையும் சேர்த்தே சொல்கிறேன்.

சேலம் மத்திய சிறைக்கு இங்கிருந்து ஒரு காலைப் பொழுதிலே போய்த் திரும்பலாம். குடியரசு பிறந்து பதினாறே நாட்கள் கழித்து, 1950 பிப்ரவரி 11 அன்று, அச்சிறையிலே கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுவருக்குள்ளே இருந்தவர்கள், தப்பி ஓட வழியற்றவர்கள். அவர்கள் கொள்கை வேறு, நம் கொள்கை வேறாக இருக்கலாம். குண்டுக்குக் கொள்கை ஏது? இன்று அவன் மார்பு, நாளை நம் மார்பு!

மூன்றாம் குரலை அன்றிரவு மட்டும் கேட்கவில்லை. 2021 நவம்பரிலே நாடே கேட்டது. இராசாக்கண்ணுவின் வரலாற்றை, இருளர் குடும்பத்துக் கதையாக மாற்றி, 'ஜெய் பீம்' என்ற படமாக எடுத்தார்கள். அதைக் கண்டபின் தமிழகம் என்ன பேசியிருக்க வேண்டும்? கொட்டடிச் சாவைப் பற்றி. என்ன பேசிற்று? காவல் அதிகாரி வீட்டுச் சுவரிலே தொங்கிய நாட்காட்டியைப் பற்றி! அந்தச் சின்னம் ஒரு சமுதாயத்தைப் புண்படுத்துகிறது என்றார்கள்; காட்சியை மாற்றினார்கள். புண்பட்டவர் முறையிட உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து கோடி இழப்பீடு கேட்டு அறிவிக்கை பறந்தது படமெடுத்தவர்களுக்கு. நாட்காட்டிக்கு எழுந்த குரலிலே பத்திலொரு பங்கு, அந்தச் சுவருக்கு அப்பால் அடிபட்டவனுக்காக எழுந்ததா? நம் பகுதியிலே அந்தச் சின்னத்தைப் போற்றும் உழைப்பாளி மக்கள் ஏராளம். அவர்கள் வீட்டுப் பிள்ளையும் நாளை அதே கொட்டடியிலே நிற்கக்கூடும். தடி சாதிச் சான்றிதழ் கேட்டு இறங்குவதில்லை. ஆனால் ஏழையை முதலிலே தேடுகிறது, ஏழையிலும் நாதியற்றவனை முதலிலே தேடுகிறது. சாதியால் பிரிந்து நிற்கும் வரை, தடி பிடித்தவனுக்கு வேலை எளிது.

நான்காம் குரல், பெருமூச்சோடு: "நம்மால் என்ன ஆகும்?"

ஆகும் தோழரே! சிறைக்குள்ளே பெருக்கவும் கழிவு அள்ளவும் ஒரு சாதி, சமைக்க ஒரு சாதி என்று சிறை விதி நூல்களிலேயே எழுதி வைத்திருந்தது இந்நாடு. சுகன்யா சாந்தா என்ற பெண் பத்திரிகையாளர் அதை எழுதினார்; உச்ச நீதிமன்றத்துக்கும் கொண்டு சென்றார். 2024 அக்டோபர் 3 அன்று, அந்த விதிகள் செல்லாது, கைதிகளின் பதிவேட்டிலே சாதிக் கட்டமே கூடாது என்று தீர்ப்பு வந்தது. பாளையங்கோட்டைச் சிறையிலே சாதிவாரியாகப் பிரித்து அடைப்பதும் அவ்வழக்கிலே பேசப்பட்டது. ஒரு பேனா அத்தனை செய்தது. நாற்பது பேர் என்ன செய்யலாம்?

சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். கைது செய்தால் உறவினருக்குச் சொல்ல வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். காவல் நிலையங்களிலே கண்காணிப்புக் கேமரா வேண்டும் என்பது 2020 டிசம்பரிலே உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை. நம் நிலையத்திலே அது ஓடுகிறதா என்று மனுப் போட்டுக் கேளுங்கள். 2024 ஜூலையிலே நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவின்படி, மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ இல்லாத வழக்கிலே, முதன்முறை சிக்கியவர் உச்சத் தண்டனைக் காலத்திலே மூன்றிலொரு பங்கை உள்ளே கழித்துவிட்டால், வேறு வழக்கு நிலுவையில் இல்லாவிடில், விடுதலை கேட்கலாம். இலவச சட்ட உதவி ஏழையின் உரிமை, பிச்சையன்று.

கிளைக்கு ஒரு தோழர் இதைக் கற்கட்டும். கொடி கட்டக் கயிறு வாங்கும் காசிலே கொஞ்சம், ஜாமீன் கொடுக்க ஆளில்லாத ஒருவனுக்குப் போகட்டும். இரவிலே ஒரு குறவர் குடிசையிலிருந்து ஒருவனைக் கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டால், விடியுமுன் நம் தோழர் இருவர் நிலைய வாசலிலே நிற்கட்டும். கூச்சல் வேண்டாம். "உள்ளே யார்? ஏன்? எப்போது நீதிபதி முன் நிறுத்துவீர்கள்?" இந்த மூன்று கேள்வி போதும். 1993-இலே கம்மாபுரத்து வாசலிலே அப்படி இருவர் விடியுமட்டும் நின்றிருந்தால் என்று எண்ணி, நான் பலமுறை உறங்காமல் கிடந்திருக்கிறேன்.

அடுத்த மாதமும் படம் காட்டுவோம். அன்று அழ வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைதியின் வீட்டுக்கு வழி கேட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன். அந்த வீடு அமெரிக்காவில் இல்லை, தோழர்களே! அடுத்த தெருவிலே இருக்கிறது.