பேரன் கேட்ட பணமும் நான் கொடுத்த பணமும்

எழுபத்தைந்து வயதில், ஸ்கூட்டரைத் தவிர வேறெந்த வண்டியும் வைத்திராத எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். பேரன் பணம் கேட்டதால் வந்த பேச்சு இது.

மகள் வயிற்றுப் பேரன் பிரான்சில், கிரெனோபிளில் வேலை பார்க்கிறான். பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வாங்கியிருக்கிறான். 1989-இல் வெளிவந்த முதல் மாடல் வகை. இரண்டு பேர் உட்காரலாம், எடை ஆயிரம் கிலோகூட இல்லை. மலைப்பாதை வளைவுகளில் அது இன்னும் வேகமாகத் திரும்ப வேண்டுமாம். 14 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 17 அங்குலம், காரைத் தரையோடு தாழ்த்தும் கெட்டியான ஸ்பிரிங் என்று பட்டியல் போட்டான். "பாதிப் பணம் நீங்க குடுங்க தாத்தா" என்றான்.

மாட்டேன் என்றேன். கஞ்சத்தனம் இல்லை, பயம்.

கார் சாலையைப் பிடித்து ஓடுவதைப் பிரெஞ்சில் 'தெனு த ரூத்' என்பார்கள். பிடிப்பது டயர்தான். மொத்தக் காரும் தரையைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவு இடத்தில். அந்த நாலும் தரையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வதே சஸ்பென்ஷனின் வேலை. காரை அளவு மீறித் தாழ்த்தினால் சக்கரம் ஏறி இறங்க இடம் குறையும். வளைவின் நடுவே ஒரு மேடு வந்தால் சஸ்பென்ஷன் முட்டி நின்றுவிடும், டயர் பிடியை விடும். பெரிய சக்கரம் பெரும்பாலும் கனமாகவும் இருக்கும். கனமான சக்கரம் குண்டு குழியில் குதித்தால், அதைத் திரும்பத் தரையில் அமர்த்துவது கடினம்.

வாலிப வயதில் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் படம் பார்த்து நான் மயங்கிய கார் ஆல்பின் ஏ110. 1971-இல் மோன்தே கார்லோ ராலியில் வென்றது. பின்பக்க என்ஜின். வேகமாகத் திரும்பினால் பின்சக்கரம் உள்வாங்கி மடங்கும் குறை அதன் பழைய அமைப்பில் உண்டு. 1973-இல் வந்த 1600 எஸ்சி மாடலில் பின் சஸ்பென்ஷனையே மாற்றி, 'டபுள் விஷ்போன்' அமைப்பு வைத்தார்கள். பேரன் காரில் அதே வகை அமைப்பு நாலு சக்கரத்துக்கும் பிறவியிலேயே இருக்கிறது. அதை ஏன் கெடுக்க வேண்டும்?

நல்ல டயர், புது ஷாக் அப்சார்பர், தேய்ந்த ரப்பர் புஷ், நாலு சக்கர அலைன்மென்ட்: இவற்றுக்கு முழுப் பணமும் தருகிறேன் என்றேன். ஷாக் அப்சார்பருக்குப் பிரெஞ்சில் 'அமோர்த்திசேர்'. கடனைச் சிறுகச் சிறுக அடைப்பதற்கும் 'அமோர்த்தீர்' என்றே சொல்வார்கள். குலுக்கலையும் அப்படித்தான் அது அடைக்கிறது. தேய்ந்துபோனால் கடன் நிற்கும். கார் ஆடிக்கொண்டே இருக்கும்.

பேரன் முகம் சுளித்தான். "முதலில் டயர் பக்கவாட்டில் இருக்கும் நாலு எண்ணைப் படித்துச் சொல்" என்றேன். "2312" என்றான். 2012-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்ததாம். ஆனால் ரப்பருக்கும் நம்மைப் போல வயது ஏறும். இறுகிப்போகும், பிடி போய்விடும். சற்று நேரம் அவன் பேசவில்லை. மறுநாள் பணம் அனுப்பினேன்.

ஷெட்டில் காரை மூடி வைத்து, மாதம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுக்கும் நண்பர்களே, இன்று மாலை நீங்களும் அந்த நாலு எண்ணைப் பாருங்கள்.